ஆயிரம் பஸில், ஏழு சுற்று

1970களின் கடைசியில் மணிலா தொலைக்காட்சியில் மதிய நேரத்தில் ஒரு செஸ் நிகழ்ச்சி வந்துகொண்டிருந்தது. ஆட்டங்களைக் காட்டிவிட்டு ஒரு பஸில் போடுவார்கள். விடை எழுதி அனுப்பினால் புத்தகம் பரிசு. அப்பாவின் வேலை காரணமாக அந்த ஊரில் இருந்த சிறுவன் விசுவநாதன் ஆனந்துக்கு அது பள்ளிக்கூட நேரம். அம்மா சுசீலா டிவி முன்னால் உட்கார்ந்து காய்கள் நிற்கும் இடங்களைக் குறித்துவைப்பார். பையன் வீடு திரும்பியதும் இருவரும் சேர்ந்து தீர்த்து அனுப்பிவிடுவார்கள். பரிசு மேல் பரிசாக வந்து, கடைசியில் நிகழ்ச்சிக்காரர்களே அவனைக் கூப்பிட்டு, வேண்டிய புத்தகங்களை எல்லாம் எடுத்துக்கொள், இனிமேல் விடை அனுப்பாதே என்று கேட்டுக்கொண்டார்களாம். ஆனந்தே பேட்டிகளில் சொல்லிச் சிரித்த கதை இது.

இதை மேதையின் விளையும் பயிர்க் கதையாகச் சொல்வதுதான் வழக்கம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அந்தத் தினசரி பஸில்தான். இன்று சென்னையில் எந்த செஸ் வகுப்புக்குப் போனாலும் வீட்டுப்பாடம் என்று தருவது பஸில்தாளைத்தான். வெள்ளை ஆட வேண்டும், வெல்ல வேண்டும். ஒரு படம், அதற்குக் கீழே ஒரு கோடு. இரண்டு மூன்று நகர்வுகளில் எதிராளியின் காயைப் பிடுங்கவோ ராஜாவை முடிக்கவோ வழி இருக்கும். அந்தத் தந்திரங்களுக்குப் பொதுப்பெயர் டாக்டிக்ஸ். ஒரே குதிரை இரண்டு காய்களை ஒரே நேரத்தில் மிரட்டினால் ஃபோர்க். பின்னால் ராஜா நிற்பதால் முன்னால் நிற்கும் காய் அசைய முடியாமல் போனால் பின். வகைகளை எண்ணினால் இருபது முப்பதுக்குள் அடங்கிவிடும். பிறகு ஏன் ஆயிரக்கணக்கில் போட வேண்டும்? போட்ட பஸிலையே திரும்பத் திரும்ப வேறு போடச் சொல்கிறார்களே, விடை தெரிந்த கணக்கை மறுபடி போடுவதால் என்ன வரும்?

இந்தக் கேள்விக்கான விடை தேடும் வேலை ஹாலந்தில் தொடங்கியது. அட்ரியான் டி க்ரூட் உளவியல் ஆய்வாளர். தன் நாட்டுக்காக செஸ் ஒலிம்பியாடில் ஆடியவரும்கூட. 1938-இல் அந்தக் காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் ஏவிஆர்ஓ போட்டிக்காக ஹாலந்துக்கு வந்திருந்தார்கள். அலெகைன், ஆய்வே, கெரெஸ் போன்றவர்களின் முன்னால் அவர் ஒரு பலகையை வைத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நகர்த்துங்கள் என்றார். அதே நிலைகளைச் சாதாரண கிளப் ஆட்டக்காரர்களிடமும் கொடுத்தார். பெரிய ஆட்டக்காரர்கள் பத்துப் பதினைந்து நகர்வு தூரம் பார்ப்பார்கள், நூற்றுக்கணக்கான கிளைகளை அலசுவார்கள் என்பதுதான் அப்போது எல்லோருக்கும் இருந்த எண்ணம். பதிவுகள் அப்படிச் சொல்லவில்லை. எத்தனை நகர்வு முன்னால் பார்த்தார்கள், எத்தனை வழிகளை அலசினார்கள் என்ற கணக்கில் இரு தரப்புக்கும் பெரிய இடைவெளி இல்லை. வித்தியாசம் தொடக்கத்திலேயே இருந்தது. கிளப் ஆட்டக்காரர் அரைமணி நேரம் போராடியும் தொடாத நல்ல நகர்வு, மேதையின் கண்ணில் முதல் சில விநாடிகளிலேயே பட்டிருந்தது.

டி க்ரூட் இன்னொன்றும் செய்தார். ஒரு நிலையைச் சில விநாடிகள் மட்டும் காட்டி, மறைத்துவிட்டு, அதை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார். கிராண்ட்மாஸ்டர்கள் ஏறக்குறைய பிசகில்லாமல் அடுக்கினார்கள். அப்படியானால் அவர்களுக்கு ஞாபகசக்தி அபாரமா? 1973-இல் அமெரிக்காவில் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் இதைச் சோதித்தார்கள். சைமன் பிற்பாடு பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு வாங்கியவர். ஆட்டத்திலிருந்து எடுத்த ஒரு நிலையை ஐந்து விநாடி காட்டினால் மாஸ்டர் சுமார் 16 காய்களைச் சரியாக வைத்தார், நடுத்தர ஆட்டக்காரர் 8, புதியவர் 4. பிறகு அதே காய்களைப் பலகையில் இஷ்டத்துக்கு இறைத்துவைத்துக் காட்டினார்கள். மாஸ்டரின் மேன்மை காணாமல் போய்விட்டது. மூன்று பேருமே மூன்று நான்கு காய்களோடு நின்றார்கள். இந்தப் புகழ்பெற்ற ஆய்வில் கலந்துகொண்டது மொத்தமே மூன்று பேர்தான் என்பதைப் பல புத்தகங்கள் சொல்லாமல் விட்டுவிடும். பின்னால் நிறையப் பேரை வைத்துச் செய்த சோதனைகளில் இறைத்துவைத்த நிலையிலும் மாஸ்டருக்குக் கொஞ்சம் கூடுதல் வருவது தெரிந்தது. ஆனால் அது சொற்பம். மூல முடிவு நின்றுவிட்டது.

அதன் பொருளை நம் பேருந்து நிறுத்தத்தில் நின்றே புரிந்துகொள்ளலாம். தூரத்தில் வரும் பேருந்தின் பலகையில் ‘திருவல்லிக்கேணி’ என்று இருந்தால், தமிழ் படிக்கத் தெரிந்தவர் எழுத்துக்கூட்டுவதில்லை; முழுச் சொல்லும் ஒரே பார்வையில் உள்ளே போகிறது. அதே எழுத்துகளை ‘கேல்ணிதிவலிருக்’ என்று கலைத்து எழுதி ஒரு விநாடி காட்டினால், எம்.ஏ. தமிழ் படித்தவரும் மூன்று எழுத்துக்கு மேல் சொல்லத் திணறுவார். மாஸ்டருக்குப் பலகையில் தெரிவது இருபத்தைந்து காய்கள் இல்லை, ஐந்தாறு ‘சொற்கள்’. கேஸ்லிங் செய்த ராஜாவும் முன்னால் மூன்று சிப்பாய்களும் பக்கத்து யானையும் சேர்ந்து அவருக்கு ஒன்று. இந்தத் தொகுதிகளுக்குச் சேஸும் சைமனும் பயன்படுத்திய பெயர் சங்க். ஒரு மாஸ்டரின் தலையில் ஐம்பதாயிரம் சங்க் அளவுக்கு இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள்.

இந்தச் சோதனையைக் கண்முன் நிகழ்த்திக் காட்டியவர் கிராண்ட்மாஸ்டர் சூசன் போல்கார். நேஷனல் ஜியாகிரபிக் ஆவணப்படம் ஒன்றில் அவர் ஒரு கடை வாசலில் உட்கார்ந்திருக்க, பக்கவாட்டில் செஸ் நிலை வரைந்த லாரி ஒன்று தெருவில் கடந்து போகும். பார்த்தது ஒரு கணம். பலகையில் மளமளவென்று அடுக்கிவிடுவார். லாரி மறுபடி வரும்போது அதில் இருப்பது அர்த்தமில்லாமல் இறைத்த காய்கள். இப்போது அவரும் நம்மைப் போலத்தான் விழிப்பார். 2011-இல் வெளிவந்த மெரிம் பிலாலிச் குழுவின் மூளை ஸ்கேன் ஆய்வு இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. மனித முகங்களைப் பார்க்கும்போது வேலை செய்வதாக அறியப்பட்ட மூளைப்பகுதி, செஸ் வல்லுநர்களுக்குப் பலகையைப் பார்க்கும்போதும் புதியவர்களைவிடக் கூடுதலாக வேலை செய்தது. தெரிந்த முகத்தைக் கூட்டத்தில் அடையாளம் காண யாரும் மூக்கையும் கண்ணையும் தனித்தனியாகச் சரிபார்ப்பதில்லை.

ஒரே ஒரு பஸிலைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். கறுப்பு ராஜா ஜி8-இல் இருக்கிறது. ஜி7, எச்7 கட்டங்களில் அதன் சிப்பாய்கள். எஃப் வரிசைச் சிப்பாய் போய்விட்டது. கறுப்பு யானை இ8-இல். வெள்ளைக் குதிரை ஜி5-இல் நிற்க, வெள்ளை ராணி சி4-க்கு வந்து மூலைவிட்டத்தில் செக் வைக்கிறது. ராஜா எஃப்8-க்குப் போனால் ராணி எஃப்7-இல் இறங்கி அங்கேயே முடித்துவிடும். எனவே எச்8 மூலைக்கு ஓடுகிறது. குதிரை எஃப்7-இல் செக். ராஜா ஜி8-க்குத் திரும்புகிறது. குதிரை எச்6-க்குத் தாவ, குதிரையும் ராணியும் ஒரே நேரத்தில் செக். இரட்டை செக் என்பதால் எச்6 குதிரையைச் சிப்பாயால் வெட்டியும் பயனில்லை. ராஜா மறுபடி மூலைக்கு. இப்போது வருகிறது விசித்திரம்: வெள்ளை தன் ராணியைக் கொண்டுபோய் ராஜாவை ஒட்டி ஜி8-இல் வைக்கிறது. எச்6 குதிரையின் காவல் இருப்பதால் ராஜாவால் தொட முடியாது. யானைதான் வெட்டியாக வேண்டும். வெட்டிய யானை ராஜாவுக்கு இருந்த ஒரே வாசலில் போய் நின்றுவிட்டது. குதிரை மீண்டும் எஃப்7. செக்மேட். சொந்தப் படையே மூச்சுமுட்ட நெருக்கி நிற்க, ராஜா சாகிறது. பெயரும் அப்படித்தான்: ஸ்மதர்டு மேட். 1497-இல் ஸ்பெயினில் லூசேனா அச்சிட்ட புத்தகத்திலேயே இது இருக்கிறது.

இதை முதல் முறை பார்க்கிறவர் ஐந்து நகர்வுகளைக் கணக்கிட்டாக வேண்டும். அதில் ஒன்று ராணியை இனாமாகக் கொடுப்பது. யாருக்கும் இயல்பாகத் தோன்றாது. மனித மனம் ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொள்ளக்கூடிய புதுத் தகவல்கள் சுமார் நான்குதான் என்கிறது நெல்சன் கோவனின் 2001 மதிப்பீடு. அந்த நான்கு இடங்களும் மூன்றாவது நகர்வுக்குள் நிரம்பிவிடும். பழகியவருக்கோ ஐந்து நகர்வும் சேர்ந்து ஒரே இடம்தான். மிச்ச மூன்று இடங்களில், எஃப்8-க்கு ஓடினால் என்ன, நடுவில் எதிராளி ஏதாவது குறுக்கே வைக்க முடியுமா என்று நிதானமாகப் பார்க்கலாம். பஸில்பயிற்சியின் பலனை ஒரு வரியில் கேட்டால் என் பதில் இதுதான்: பழகிய பகுதியை யோசனையிலிருந்து கண்ணுக்கு மாற்றிவிட்டு, யோசனையை ஓய்வாக வைத்திருப்பது. உலக சாம்பியன் கேரி காஸ்பரோவ் தேசிய அணிகளை எதிர்த்து நான்கிலிருந்து எட்டுப் பேருடன் ஒரே சமயத்தில் ஆடிய ஆட்டங்களை உளவியல் ஆய்வாளர் கோபேயும் மேலே சொன்ன சைமனும் அலசினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒதுக்க முடிந்த நேரம் மிகக் குறைவு. ஆனாலும் அவருடைய ஆட்டத்தரம் ஆட்டபலத்தை அளக்கும் வழக்கமான ரேட்டிங்கிலிருந்து சுமார் நூறு புள்ளிதான் இறங்கியது. கணக்கிட நேரமில்லாதபோதும் கண் வேலை செய்துகொண்டே இருந்தது.

சங்க் சேர வேண்டுமானால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சூசனின் தந்தை லாஸ்லோ போல்கார் 1994-இல் வெளியிட்ட தடித்த புத்தகத்தில் 5,334 படங்கள் இருக்கின்றன. அதில் 306 ஒரே நகர்வில் மேட். 3,412 இரண்டு நகர்வில். 744 மூன்று நகர்வில். விளக்கம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது; படம், படம், படம். மூன்று மகள்களையும் இப்படித்தான் வளர்த்தார். இளையவர் ஜூடித் 1991-இல் பதினைந்து வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆகி, மிக இளம் வயது கிராண்ட்மாஸ்டர் என்ற பாபி ஃபிஷரின் சாதனையை முறியடித்தார். வீட்டிலேயே வைத்துப் பாடம் நடத்திய அந்தத் தந்தையின் முறை குழந்தைகளுக்கு நல்லதா என்பது வேறு வழக்கு. அதை இங்கே தீர்க்க வேண்டாம்.

போட்டதையே திரும்பப் போடுவதை ஒரு முறையாகவே ஆக்கியவர் அமெரிக்கரான மைக்கேல் டி லா மாசா. பெரியவரான பிறகு போட்டிக்கு வந்து, 1,300 சொச்சம் ரேட்டிங்கில் தடுமாறிக்கொண்டிருந்தவர். சிடி-ஆர்ட் என்ற ரஷ்ய மென்பொருளில் இருந்த சுமார் 1,200 பஸில்களை எடுத்துக்கொண்டு 64 நாளில் ஒரு சுற்று முடித்தார். அடுத்த சுற்று 32 நாள். அப்புறம் 16, 8, 4, 2. ஏழாவது சுற்று ஒரே நாளில். கூட்டினால் 127 நாள். இரண்டு வருடங்களில் 2,000-ஐத் தாண்டினார். 2001-இல் வேர்ல்ட் ஓப்பன் போட்டியில் 2,000-க்குக் கீழ்ப்பட்டோர் பிரிவை வென்றார். 400 நாளில் 400 புள்ளி என்று அவர் எழுதிய கட்டுரை உலகம் முழுக்கச் சுற்றியது. பயிற்சியாளர்கள் பலர் எரிச்சலடைந்தார்கள். என் கணிப்பில் அவர் சொன்னதில் பாதி உண்மை, பாதி அதிர்ஷ்டம். 1,300 மட்டத்தில் பெரும்பாலான ஆட்டங்கள் முடிவது யாரோ ஒருவர் காயைச் சும்மா கொடுத்துவிடுவதால்தான். அதைக் கண்டுபிடிக்கும் கண் வந்துவிட்டாலே சில நூறு புள்ளி ஏறிவிடும். ஆனால் அந்த ஏற்றம் எதுவரை போகும் என்று அவரை வைத்துச் சொல்ல முடியாது. அந்த வெற்றிக்குப் பிறகு அவர் போட்டிச் சதுரங்கத்தில் தொடரவில்லை.

ஸ்வீடனின் ஹான்ஸ் டிக்கனன் கதை வேறு மாதிரி. அவர் ஏற்கெனவே சர்வதேச மாஸ்டர்; ஃபோர்க்கும் பின்னும் புதிதாகக் கற்க வேண்டிய நிலையில் இல்லை. ஆயிரம் பஸில் எடுத்து அதே பாணியில் சுற்றுச்சுற்றாகப் போட்டார். 2010 கோடையில் ஏழே வாரத்துக்குள் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு வேண்டிய மூன்று நார்மும், அதாவது தகுதிப் போட்டி முடிவுகளும், வாங்கினார். அவரும் ஆக்ஸெல் ஸ்மித்தும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட புத்தகத்தில் உலக சாம்பியன்களின் ஆட்டங்களிலிருந்து எடுத்த 1,128 பஸில்கள் உண்டு. ஒரே இடத்தில் கொத்திக்கொண்டே இருப்பதால் இதற்கு மரங்கொத்தி முறை என்று பெயர். முதல் சுற்றுக்கு நான்கு வாரம். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் பாதி நேரம். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கும்வரை.

நினைவாற்றல் ஆய்வுகளைப் படித்தவருக்கு இந்த இடத்தில் ஒரு நெருடல் வரும். 1885-இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளாக ஆய்வாளர்கள் சொல்லிவருவது, படித்ததை இடைவெளி விட்டுத் திரும்பப் பார் என்பது. பாடம் படிய ஆரம்பித்ததும் அந்த இடைவெளியை நீட்டிக்கொண்டே போவதுதான் இன்றைய ஃபிளாஷ்கார்டு செயலிகளின் அடிப்படை. மரங்கொத்தி இதற்கு நேர் எதிராகப் பறக்கிறது. முதலில் ஒரு பஸிலை மறுபடி பார்க்க ஒரு மாதம் ஆகிறது. கடைசியில் மறுநாளே வந்து நிற்கிறது. இடைவெளி சுருங்கிக்கொண்டே போகிறது. நீண்ட கால நினைவுக்கு இது உகந்த கால அட்டவணை இல்லை. ஆனால் இந்த முறை குறிவைப்பது வேகத்தை. நான்கு நிமிடத்தில் கண்டுபிடித்ததை நாற்பது விநாடியிலும், பிறகு நான்கு விநாடியிலும் காண வேண்டும். போட்டியில் கடிகாரம் ஓடும்போது அந்த மிச்சம்தான் மூலதனம். ஆகவே இரண்டு முறைகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஒரு போட்டிக்கு முன்னால் கூர்தீட்ட மரங்கொத்தி; வருடக்கணக்கில் தங்க வேண்டியதற்கு நீளும் இடைவெளி. இரண்டையும் ஒன்றென்று நினைத்து, ஒரு முறை ஏழு சுற்று முடித்துவிட்டால் ஆயுளுக்கும் போதும் என்று இருந்துவிடுகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

பஸிலின் இன்னொரு பலம், அது பாடத்தோடு பரீட்சையையும் சேர்த்தே வைக்கிறது. ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, வாசிப்பைக் குறைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். மூளையிலிருந்து சிரமப்பட்டு வெளியே எடுக்கிற செயலே அதைப் பதியவைக்கிறது. விடைப்பக்கத்தை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு பஸில் போடுகிறவர்களுக்கு இந்தப் பலன் கிடையாது. கைப்பேசியில் போடுகிறவர்களுக்கு வேறு நோய்: பார்த்ததும் முதலில் தோன்றும் செக்கைத் தட்டுவது, சிவப்பு வந்தால் அடுத்ததைத் தட்டுவது. மூன்றாவது தட்டில் பச்சை வரும். தீர்த்த மாதிரி ஒரு திருப்தியும் வரும். எதிராளியின் பதில்கள் உட்பட முழு வழியையும் மனதில் முடித்துவிட்டுத்தான் காயைத் தொடுவது என்பது எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்கிற பழைய விதி. செயலி அதை மீறுவதற்கு எந்தத் தண்டனையும் தராது.

தண்டனை பலகையில்தான் கிடைக்கும். லிச்செஸ் போன்ற தளங்களில் பஸிலுக்கும் ஆளைப் போலவே ரேட்டிங் உண்டு. நீங்கள் தோற்றால் உங்கள் புள்ளி இறங்கி அதன் புள்ளி ஏறும். இப்படிக் கிடைக்கும் பஸில் ரேட்டிங் ஆட்ட ரேட்டிங்கைவிடப் பல நூறு புள்ளி கூடுதலாக இருப்பது சாதாரணம். இரண்டும் தனித்தனி அளவுகோல் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், பஸில் தன்னைப் பற்றி ஒரு பெரிய ரகசியத்தை முதலிலேயே உடைத்துவிடுகிறது: இங்கே ஏதோ இருக்கிறது. நிஜ ஆட்டத்தில் அந்த அறிவிப்பு கிடையாது. நாற்பது நகர்வில் முப்பத்தெட்டு முறை ஒன்றுமே இருக்காது. மீதி இரண்டு முறை எப்போது என்று யாரும் தோளைத் தட்டிச் சொல்வதில்லை.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன் போட்டியின் பதினான்காவது, கடைசி ஆட்டம். கறுப்பில் சென்னையின் குகேஷ். வெள்ளையில் நடப்பு சாம்பியன் டிங் லிரன். இருவருக்கும் தலா ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். ஆனாலும் டிராவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. 55-ஆவது நகர்வில் டிங் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்து, யானைகளை மாற்றிக்கொள்ளலாம் என்று முன்வைத்தார். அவருடைய பிஷப் ஏ8 மூலையில் இருந்தது. யானைகள் வெட்டுப்பட்டதும் கறுப்பு பிஷப் டி5-இல் வந்து அதே மூலைவிட்டத்தில் எதிரே நின்றது. மூலையிலிருந்த பிஷப்புக்குத் தப்ப வேறு பாதை இல்லை. அந்த மாற்றமும் கட்டாயம் ஆனது. மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும். அந்த முடிவாட்டம் கறுப்புக்கு வெற்றி. மூன்றே நகர்வில் டிங் கைகொடுத்தார். பதினெட்டு வயதில் குகேஷ் உலக சாம்பியன். அந்த நிலையைப் படமாக அச்சிட்டு ‘கறுப்பு ஆடி வெல்ல வேண்டும்’ என்று கீழே எழுதிவிட்டால், மாவட்டப் போட்டி ஆடும் பிள்ளையும் கண்டுபிடிக்கும். டிங்குக்கு அந்த மாதிரி தெரியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பல மணி நேரம் ஆடிக் களைத்த நிலையில், இங்கே ஒன்று ஒளிந்திருக்கிறது என்று அவரிடம் சொல்ல யாரும் இல்லை. அவ்வளவுதான்.

திரும்பத் திரும்பப் பழகுவதில் இதைவிட நுட்பமான ஒரு ஆபத்தும் இருக்கிறது. பிலாலிச், மெக்லியாட், கோபே மூவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மேலே விவரித்த ஸ்மதர்டு மேட் ஐந்து நகர்வில் கிடைக்கிற நிலை ஒன்றை நல்ல ஆட்டக்காரர்களிடம் கொடுத்து, மிகக் குறுகிய வெற்றிவழியைக் கேட்டார்கள். அதே நிலையில் மூன்றே நகர்வில் முடிக்கும் வழி ஒன்றும் இருந்தது. ராணி எச்6-க்கு வந்துவிட்டால் போதும். வெள்ளை பிஷப் நீண்ட மூலைவிட்டத்தைப் பிடித்திருப்பதால் ஜி7 சிப்பாயால் அதை வெட்ட முடியாது. நிறையப் பேர் ஐந்து நகர்வு வழியை உடனே சொன்னார்கள். மூன்று நகர்வு வழி கண்ணில் படவில்லை. இன்னும் சுருக்கமான வழி தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் அவர்களுடைய கண்ணசைவைப் பதிவுசெய்த கருவி வேறு கதை சொன்னது: பார்வை முழுக்க ஸ்மதர்டு மேட் சம்பந்தப்பட்ட கட்டங்களையே சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு காயை மாற்றி வைத்து ஸ்மதர்டு மேட் நடக்காதபடி செய்தபோது, அதே தரத்து ஆட்டக்காரர்கள் குறுகிய வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கிராண்ட்மாஸ்டர்கள் இந்தப் பொறியில் விழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழக்கம் அரைகுறையாக இருக்கும்போதுதான் அது கண்ணைக் கட்டுகிறது போலும்.

இந்த ஆபத்து ஏழாவது சுற்றில் அதிகமாகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் நாம் அடையாளம் காண்பது தந்திரத்தையா, அந்தப் படத்தையா? ஆஹா, 417-ஆம் நம்பர், இதில் யானையைப் பலிகொடுக்க வேண்டும் என்று விடை வருகிறது. ஏன் கொடுக்க வேண்டும் என்பது வருவதில்லை. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. தெரிந்த பஸிலில் ஒரே ஒரு சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்திவைத்து, இப்போதும் அதே விடை செல்லுமா என்று கேட்டுப்பாருங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் மனப்பாடம் மட்டுமே ஆகியிருக்கிறது. பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தால் இதை அவரே செய்துவிடுவார், செயலி செய்யாது. ஒரே வகையை வரிசையாகப் போடுவதிலும் இதே சிக்கல். முப்பது ஃபோர்க் பஸிலை அடுத்தடுத்துப் போட்டால் முப்பத்தொன்றாவதில் கை தானாகக் குதிரைக்குப் போகும். 2007-இல் ரோரரும் டெய்லரும் கணிதத்தில் இதைக் காட்டினார்கள்: கனவடிவங்களின் கன அளவு காணும் கணக்குகளை வகைவாரியாகப் போட்டவர்கள் பயிற்சியில் முன்னே இருந்தார்கள்; ஆனால் ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில், கலந்து போட்டவர்கள் அவர்களைத் தாண்டிவிட்டார்கள். எந்தச் சூத்திரம் என்று தேர்ந்தெடுக்கும் வேலையைக் கலவைதான் கற்றுத்தருகிறது. புதிதாகச் சேர்ந்த குழந்தைக்கு ஃபோர்க் என்றால் என்ன என்று புரியும்வரை வகைவாரியாகப் போதும். பிறகு கலக்கத் தாமதிக்கக் கூடாது.

சென்னைப் பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷ் வேறொரு பாதைக்காரர். பிரக்ஞானந்தாவை வளர்த்தவர், 2022-இல் கால்குலேஷனுக்கென்றே, அதாவது நகர்வுகளை முன்கூட்டிக் கணக்கிடுவதற்கென்றே, தனிப் புத்தகம் எழுதினார். எளிய பஸிலை வேகமாகப் போடுவதைவிட, கிளைகள் நிறைந்த கடினமான நிலையில் நீண்ட நேரம் உட்கார்ந்து மல்லுக்கட்டச் சொல்வது அவர் பாணி. இதற்கும் ஆய்வு ஆதரவு இருக்கிறது. டி க்ரூட் சொன்னது முழுக் கதை இல்லை. கம்பிடெல்லியும் கோபேயும் 2004-இல் சிக்கலான நிலைகளைக் கொடுத்துப் பார்த்தபோது, வலுவான ஆட்டக்காரர்கள் அதிகமாகவும் ஆழமாகவும்தான் தேடினார்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று பழகிய கண் சொல்கிறது. அங்கே போய்த் தோண்டுவது தனி உழைப்பு. மரங்கொத்தி கண்ணை மட்டும்தான் பழக்குகிறது.

எவ்வளவு பழகினாலும் எல்லோரும் ஒரே இடத்துக்குப் போய்விடுவதில்லை. கோபேயும் கம்பிடெல்லியும் அர்ஜென்டினா ஆட்டக்காரர்களைக் கணக்கெடுத்தபோது, மாஸ்டர் தரத்தை அடையச் சராசரியாக 11,000 மணி நேரம் ஆகியிருந்தது. ஆனால் ஒருவர் 3,000 மணியில் எட்டியதற்கு இன்னொருவருக்கு 23,000 தேவைப்பட்டது. எட்டு மடங்கு வித்தியாசம். பத்தாயிரம் மணி உழைத்தால் யாரும் ஆகலாம் என்ற பிரபலமான வாக்குறுதிக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை.

வேலைக்குப் போய்க்கொண்டே செஸ் ஆடுகிறவர் என்ன செய்வது? 1,128 பஸிலை ஒரே நாளில் முடிக்க, ஒன்றுக்கு அரை நிமிடம் வைத்தாலும் ஒன்பதரை மணி நேரம் ஆகும். அதற்கு ஒரு நாள் லீவு போட வேண்டாம் என்பேன். முந்நூறு பஸில், நான்கு சுற்று, மூன்று மாதம் போதும். கடைசி இரண்டு சுற்றில் மிச்சமாகும் நேரத்தைச் சொந்த ஆட்டங்களுக்குத் திருப்பிவிடலாம்: தோற்ற ஆட்டத்தில் காயைக் கொடுத்த இடத்தைக் கண்டுபிடித்து, அந்த நிலையைப் படமாக நோட்டில் சேர்ப்பது, கூடவே அதே ஆட்டங்களிலிருந்து ஒரு தந்திரமும் இல்லாத சாதா நிலைகளையும் கலந்துவைப்பது. ஒரு மாதம் கழித்துப் புரட்டும்போது எதில் ஒன்று இருக்கிறது, எதில் இல்லை என்று மறந்திருக்கும். அப்போது ஒவ்வொரு படத்துக்கும் முதல் கேள்வி, வெல்வது எப்படி என்பதற்குப் பதில், இங்கே ஏதாவது இருக்கிறதா என்பதாகிவிடும். கடையில் விற்கும் எந்தப் பஸில் புத்தகமும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.